மூன்று இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிய மகனுக்கு

மகனே, இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. உபதபால் அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் ஒட்டாத உறையோடு யாராவது வந்து நின்றால், பசைப் போத்தலைக் கையில் கொடுத்து, ஒட்டிவிட்டுத் தாருங்கள் என்று சொன்னவள் நான். அது உனக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பசையைத் தொட்டு விரலோடு விரலை ஒட்டி விளையாடியவன் நீ. இந்த முறை வேண்டுமென்றுதான் திறந்து விட்டிருக்கிறேன். கூரியர்காரன் மேலே ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு ஒட்டுவான், அது அவன் தொழில். உள்ளே இருக்கும் உறை திறந்தபடிதான் வந்து சேரும். அப்பா வாசித்துவிட்டார். அக்கா இரண்டு தடவை வாசித்து, ஓரிடத்தில் அழுது, ஓரிடத்தில் என்னைத் திட்டிவிட்டுத் தந்தாள். உன்னோடு வேலை செய்கிறவர்களிடமும் நீ இதைப் படித்துக் காட்டினால் எனக்குக் கோபம் வராது. கண்ணைப் பற்றி இந்த வீட்டில் மூடி வைத்ததெல்லாம் போதும்.

நீ லீவு முடிந்து போன மறுநாள் உன் மேசையைத் துடைத்தேன். கொமினிகேஷன் கடையில் பிரதி எடுத்தாயே, அந்தப் படிவம், மேல் மூலையில் மை பரவிப் பழுதானதால் நீ விட்டுவிட்டுப் போன பிரதி, அகராதிக்குக் கீழே கிடந்தது. இத்தனை வருட உத்தியோகத்தில் பிறருக்கு வந்த ஒரு தபாலட்டையைக்கூட நான் திருப்பிப் பார்த்ததில்லை. உன் படிவத்தை நின்ற நிலையிலேயே முழுவதும் வாசித்தேன். அடுத்த மாதம் நீ போகப்போகும் புதிய ஏரி முகாமுக்கான மருத்துவப் படிவம் அது. முன்பு உயரத்தில் நோய் கண்டதுண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதியிருந்தாய். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் உண்டா என்றதற்கும் இல்லை. இரத்த உறவில் யாருக்கேனும் கண் நோய் உண்டா என்றதற்கும் இல்லை. மூன்றும் பொய். உன் எழுத்து எப்போதும் போல வடிவாக இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

உடனே போன் எடுத்தேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றிச் சொன்னதாகச் சொல்லாதே. “எல்லாம் சரியாப் போன கதையை மறுகா ஏன் கிளறுறீங்க அம்மா? உள்ளதச் சொன்னா மேல விடமாட்டாங்க. காத்மாண்டு ஒபிஸ்ல கம்பியூட்டருக்கு முன்னால இருத்திப்போடுவாங்க.” நான் வாய் திறக்குமுன் வைத்துவிட்டாய். பிறகு இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை. நல்லது. போனை வைக்கலாம். கடிதத்தை வைத்தால் அது அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் பயணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பிழை எங்கள் வீட்டு அலுமாரியில்தான் தொடங்கியது. பனிமலை உருகித் தேங்கும் ஏரிகளின் தண்ணீர் மட்டத்தை அளக்கும் வேலை கிடைத்தது என்று நீ சொன்னபோது, அந்த இடம் எவ்வளவு உயரம் என்று அப்பா கேட்டார். நம் நாட்டின் ஆக உயர்ந்த பிதுருதலாகலை மலைக்கு மேல் இன்னொரு பிதுருதலாகலையைத் தூக்கி வைத்தால் வருகிற உயரம் என்றாய். அவர்கள் அனுப்பிய மருந்துப் பட்டியலை நீ உரக்க வாசித்துக்கொண்டு வந்தாய். அசெட்டாசொலமைட் என்ற பெயர் வந்ததும் நான் குசினியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தேன். “மனே, அது என்ட கண் குளிசையெல்லுவா! வீட்டிலயே கிடக்கு!” என்று கத்தினேன். கண்ணில் அழுத்தம் ஏறிய சமயம் எனக்குக் கிளினிக்கில் கொடுத்து, பிறகு சொட்டு மருந்துக்கு மாற்றியதால் மிஞ்சிப் போன இரண்டு அட்டை அலுமாரியில் இருந்தது. மலைக்கும் அம்மாவின் கண்ணுக்கும் ஒரே குளிசையா என்று நாம் மூன்று பேரும் சிரித்தோம். மருத்துவரைக் கண்டு கேட்டபிறகே எடுக்கவும் என்று அந்தப் பட்டியலின் அடியில் எழுதியிருந்தது. அதையும் நீ வாசித்தாய். வீட்டில் மருந்து இருக்கும்போது எதற்கு டொக்டர் என்று சொன்னது நான்தான். எங்கள் தெருவில் அது வழக்கம். கட்டாரிலிருந்து வந்தவர் கொண்டுவந்த தைலமும், ஒருவருக்கு மிஞ்சிய இருமல் பாணியும், இன்னொருவரின் வயிற்றுக் குளிசையும் வேலிக்கு மேலால் கைமாறித்தான் இங்கே பாதி வருத்தம் மாறுகிறது. அதே மாதிரி என் குளிசையை உன் பைக்குள் நானே வைத்தேன்.

மேலே என்ன நடந்தது என்பது உனக்கு என்னைவிடத் தெரியும். ஆனாலும் நான் அறிந்த பக்கத்தை நீ கேட்க வேண்டும். ஏரிக்குக் கீழே உள்ள கடைசி விடுதியிலிருந்து நீ வாட்ஸ்அப்பில் வந்தாய். முகம் வீங்கியிருந்தது. “அம்மா, அளவுகோலில இருக்கிற இலக்கம் தெரியுதில்ல. தூரத்துப் பாறையெல்லாம் கரைஞ்சு கிடக்கு. கிட்டப் பிடிச்சாத்தான் எழுத்து விளங்குது,” என்றாய். விரல் நுனியெல்லாம் கூசுகிறது, சோடா குடித்தால் சப்பென்று இருக்கிறது என்றும் சொன்னாய். நான் சிரித்தேன். “அது குளிசைட குணம் மனே. எனக்கும் அப்படித்தான் கிடந்தது. விடாமப் போடு, பழகிரும். தலையிடி கூடினா இன்னொண்டு போடு,” என்றேன். நீ போட்டாய்.

இனி எழுதப் போவதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. விரல் கூசியதும் சோடா சப்பென்று ஆனதும் எனக்கும் நடந்தது உண்மை. ஆனால் தூரம் மங்கியது எனக்கு நடக்கவில்லை. அந்தக் குளிசையை எனக்கு எழுதித் தந்த நாளில் டொக்டர் என் கிளினிக் கொப்பியில் ஒரு வரியை எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தார்: பார்வை திடீரென மாறினால் குளிசையை நிறுத்திவிட்டு உடனே வரவும். நீ பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் கோடு எனக்கு நினைவுக்கு வந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்கு எவ்வளவு சுகமாக இருக்கும் தெரியுமா? மறக்கவில்லை. நினைவு வந்தது, சொல்லவில்லை. சொன்னால் உன்னைக் கீழே இறக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். நம்மூர்க் கல்லாற்றுப் பிள்ளை இமயமலையில் வேலை செய்கிறான் என்று நான் சந்தைவரை சொல்லிப் பெருமையடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. போன கையோடு திரும்பி வந்துவிட்டான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் வெட்கத்துக்காக உன்னை இன்னொரு குளிசை விழுங்க வைத்தேன். இதை மன்னி என்று கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. தெரிந்துகொள் என்றுதான் எழுதுகிறேன்.

உன்னைக் காப்பாற்றியது நானுமல்ல நீயுமல்ல, உன் குழுத் தலைவி மாயா. நீ கோலைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றவனிடம் இலக்கத்தைக் கேட்டு எழுதியதைக் கண்டு, கொப்பியை வாங்கிப் பார்த்து, அன்றைக்கே இரண்டு பேரைத் துணைக்குச் சேர்த்து உன்னைக் கீழே இறக்கினாள். வாதாடினாயாம். கேட்கவில்லையாம். அந்தப் பெண்ணுக்கு நான் வாவி இறாலில் கருவாடு போட்டு அனுப்பியது அதற்காகத்தான், நீ நினைத்தது போல மருமகள் பார்க்க அல்ல. காத்மாண்டுக் கண் டொக்டர் சொன்னதை நீ வீட்டுக்கு வந்தபோது படம் கீறி விளக்கினாய், நினைவிருக்கிறதா? உன் கண்ணில் இரண்டு வேறு கதை நடந்திருந்தது. தூரம் மங்கியது குளிசையால். உடலிலிருந்து தண்ணீரை இறக்கி, மூச்சைக் கூட்டி, மலைக்கு உடம்பைப் பழக்குகிற அதே குளிசை, எங்கேயோ ஒருவருக்கு மட்டும் கண்ணின் உட்சுவரை வீங்க வைத்து, வில்லையை முன்னுக்குத் தள்ளிவிடுமாம். தூரப் பார்வை போய்விடுமாம். சிலருக்கு அழுத்தமும் ஏறுமாம். எனக்கு அழுத்தத்தைக் குறைத்த குளிசை உனக்கு ஏற்றிவிட்டது. நிறுத்தியதும் ஒரு கிழமைக்குள் இறங்கியது. மற்றக் கதை மலையுடையது. கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு உள்ளே பார்த்தபோது, விழித்திரையின் ஓரத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் கசிந்திருந்தன. காற்றுக் குறைந்த இடத்தில் அங்கே இரத்தக் குழாய்கள் அகன்று இப்படிக் கசியுமாம். நடுவில் கசிந்திருந்தால் நீ பார்க்கும் எல்லாவற்றின் மேலும் ஒரு நிழல் நின்றிருக்கும். உனக்கு ஓரத்தில்தான் இருந்தது, அது வலிக்கவில்லை, நீ அறியவும் இல்லை. அதுவும் மெல்ல மறைந்தது.

வலிக்கவில்லை, அறியவில்லை என்றதும் எனக்கு என் தகப்பன், உன் பெத்தப்பா, ஞாபகத்துக்கு வந்தார். நீ பிறக்கும்போதே அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. வாவி வெயில் கண்ணைக் குடித்துவிட்டது என்று ஊர் சொன்னது, நாங்களும் அதையே சொன்னோம். நாள் முழுக்கத் தண்ணீரின் பளபளப்பைப் பார்த்து வலை இழுக்கிறவருக்கு அப்படித்தான் ஆகும் என்று நம்பினோம். ஆனால் யோசித்துப் பார். அவர் தோணிக்கு நேரே முன்னால் இருக்கிற கம்பு அவருக்குத் தோணி ஓடிய கடைசி நாள்வரை தெரிந்தது. பக்கவாட்டில் வருகிறதுதான் தெரியாமல் போனது. கண் அழுத்தம் அப்படித்தான் வலிக்காமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும். ஒருநாள் பட்டப்பகலில் இன்னொருவரின் தோணி பக்கத்தால் வந்து மோதி அவர் தண்ணீரில் விழுந்தார். “குருடா, கண் தெரியல்லயா?” என்று அந்த ஆள் கத்த, “வெயில் கண்ணில அடிச்சுப்போட்டுது” என்று இவர் சொன்னார். அதற்குப் பிறகும் மூன்று வருடம் வாவியைப் பழக்கத்தில் ஓடினார். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தோணியை வாங்கிவிடுவார்கள் என்ற பயம். கரையில் இருத்திவிடுவார்களே என்று அவர் பயந்தார், ஒபிஸில் இருத்திவிடுவார்களே என்று நீ பயப்படுகிறாய். அவர் முகத்தைக்கூட நீ சரியாகக் கண்டதில்லை, ஆனால் அந்தக் குணம் மட்டும் உனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது என் வழியாகத்தான் வந்தது.

ஏனென்றால் நானும் சொல்லவில்லை. என் இடது கண் பக்கவாட்டில் குறையத் தொடங்கியது அக்காவுக்குச் சம்பந்தம் பேசிய வருடம். அஞ்சலக மேசையின் இடப்பக்கத்தில் வைத்த முத்திரைக் கட்டையைக் கை தட்டித் தட்டி விழுத்தியது. வயது போகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டுகிறோம் என்றாலும், மாப்பிள்ளை வீட்டார் வீட்டின் கூரையை மட்டுமா பார்க்கிறார்கள்? தகப்பனுக்குச் சீனி வருத்தமா, தாய் வழியில் யாருக்கும் ஏதுமா என்று ஏழு வீடு தள்ளிப் போய் விசாரிப்பார்கள். தகப்பன் குருடு, மகளுக்கும் கண் போகிறது என்று தெரிந்தால் பேத்தியை யார் கட்டுவான்? கல்யாணம் முடிந்த பிறகுதான் கிளினிக்குக்குப் போனேன். அங்கே நேர்ஸ், “அம்மா அப்பாக்குக் கண்ணில ஏதும் வருத்தம் இருந்ததாம்மா?” என்று கேட்டாள். “இல்ல மிஸ்,” என்றேன். ஒரு பொய், ஒரு நொடி. அது என் கொப்பியின் முதற்பக்கத்தில் இத்தனை வருடம் இருந்தது. போன இடது கண்ணின் ஓரம் திரும்பி வராது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். மிஞ்சியதைத்தான் சொட்டு மருந்து விட்டுக் காத்துக்கொண்டிருக்கிறேன். நீ ஏறி விளையாடிய மாமரத்தை வாசலில் நின்று அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் இப்போது எனக்குப் பாதி மரம்தான். இதையும் உனக்கு நான் சொன்னதில்லை.

உன்னைக் கீழே இறக்கிய செய்தி வந்த அன்று, கண்ணகியம்மனுக்குக் கண்மடல் சாத்துவதாக நேர்ந்தேன். வைகாசித் திருக்குளிர்த்திச் சடங்கில் வெள்ளியில் செய்த இரண்டு கண்ணையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். படம் அனுப்பியபோது, “அம்மாட இன்சூரன்ஸ்” என்று கேலி செய்தாய். செய்துகொள், அம்மன் உன் கேலியை எத்தனையோ வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறா. ஆனால் பந்தலில் நின்று அந்த வெள்ளிக் கண்களைத் தட்டில் வைத்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதவள், கிளினிக்கில் கேட்ட ஒரு கேள்விக்கு உண்மை சொல்லவில்லையே என்று நினைத்தேன். நேர்த்தியில் ஒரு பிழையும் இல்லை. அதோடு என் கடமை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து படுத்ததுதான் பிழை.

உன் வேலையைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், எனக்கு விளங்காது என்று நினைக்காதே. மாரியில் வாவி நிரம்பி வயலும் வளவும் தாழும்போது, முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்குத் தண்ணீரை விடுவார்களா என்று நாம் காத்திருந்திருக்கிறோம். வெட்டுவதா பொறுப்பதா என்பது யாரோ ஒருவர் கோலைப் பார்த்துச் சொல்கிற இலக்கத்தில்தான் இருந்தது. எங்கள் குசினிக்குள் முழங்கால் தண்ணீர் வந்த வருடம் நான் உங்கள் இரண்டு பேரையும் மேசை மேல் தூக்கி வைத்தேன், நீ அங்கிருந்து சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு மணிக்கு மணி அளந்தாய். இன்றைக்கு உன் ஏரி உடைந்தால் கீழே உள்ள கிராமங்களுக்கு எச்சரிக்கை போவது உன் இலக்கத்தை வைத்துத்தான் என்று நீயே சொன்னாய். மங்கிய கண்ணோடு நீ எழுதிய அந்த முதல் இரண்டு நாள் இலக்கங்களையும் மாயா அடித்துவிட்டுத் திரும்ப அளந்தாளாமே. அங்கேயும் பிள்ளைகளைத் தூக்கி மேசை மேல் வைத்துக்கொண்டு ஒரு தாய் நின்றிருப்பாள். உன் கண்ணைப் பற்றிய பொய் உன் கண்ணோடு நிற்கிற பொய் அல்ல.

இனி, நான் செய்ததைச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனேன். காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை ஒருத்தி இப்போது அங்கே டொக்டராக இருக்கிறா, உன் வயதுதான் இருக்கும். கொப்பியை நீட்டி, “இதில ஒரு பொய் கிடக்கு மகள், அத வெட்டோணும்,” என்றேன். என்ன என்று கேட்டா. முழுவதையும் சொன்னேன், தோணி மோதியதிலிருந்து. கோபிப்பா என்று நினைத்தேன். “இதைச் சொல்ல இவ்வளவு காலமா உம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பழைய ‘இல்லை’யை ஒரு கோட்டால் வெட்டி, தகப்பனுக்கு இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டா. பிறகு, பிள்ளைகள் இரண்டு பேரும் பார்க்க வேண்டும் என்று சொன்னா. அக்கா அடுத்த கிழமை போகிறாள்.

உன்னைப் பற்றியும் கேட்டேன். மேலே மூளை வீங்கினால் ஒரு ஸ்டீரோயிட் குளிசை கொடுப்பார்களாமே, அது கண்ணுக்கு என்ன செய்யும் என்றேன். டொக்டர் சொன்னதை அந்தப் பிள்ளையின் வாயாலேயே கேள்: “உயிருக்கு ஆபத்தெண்டா அதைப் போடத்தான் வேணும், கண்ணை நினைச்சு வேணாமெண்டு சொல்லப்படாது. ஆனா கண் அழுத்தம் உள்ள குடும்பத்தில நாள் கூடப் போட்டா சிலருக்கு அழுத்தம் ஏறும். குடுக்கிறவருக்குத் தெரிஞ்சாத்தானே மறுகா அளந்து பாப்பார். தெரியாட்டி எப்படிப் பாக்கிறது?” அந்தக் கடைசிக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன். பதில் இருந்தால் எழுது.

உன்னைப் போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. காத்மாண்டு டொக்டரே, அந்தக் குளிசை மட்டும் இந்தப் பிறவியில் வேண்டாம், மெதுவாக ஏறினால் மலைக்குப் போகலாம் என்றுதானே சொன்னார்? அதை எழுத்தில் வாங்கிப் படிவத்தோடு வை. உண்மையைத் தெரிந்துகொண்டும் உன்னை ஏற்றுகிறவர்கள் உன்னை மெதுவாக ஏற்றுவார்கள், இடையில் நாள் விட்டு ஓய்வு தருவார்கள். அப்படியும் விடமாட்டோம் என்றால் அந்த வருடம் கம்பியூட்டருக்கு முன்னால் இரு, செத்துவிடமாட்டாய். பக்கமும் மறைக்கிற கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதே. “வாவி வெயில் குடிச்சு வளந்த கண், இவனுக்கென்னத்துக்குக் கண்ணாடி?” என்று அப்பா பெருமை பேசியதைக் கேட்டுப் பனியில் வெறுங்கண்ணோடு நின்று, கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வடிய நீ கிடந்ததை இப்போது அவருக்கும் சொல்லிவிட்டேன். இதை வாசித்ததும் எழுந்துபோய்த் தன் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. பார்வை மாறினால், ஒரு புள்ளி நின்றாலும் சரி, ஒரு இலக்கம் கரைந்தாலும் சரி, முதலில் எனக்குப் போன் எடுக்காதே. பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல். மாயாவிடம் சொல். இறங்கு. கீழே வந்து சேர்ந்த பிறகு எனக்குச் சொல். தவறி எனக்கு முதலில் எடுத்தாலும் இனி என்னிடம் ஒரு பதில்தான் இருக்கும்: இறங்கு. பழகிரும் என்ற சொல் இனி என் வாயிலிருந்து வராது. இனி நீ திரும்பி வந்தால், திரும்பி வந்துவிட்டான் என்று சந்தையில் நானே முதலில் சொல்வேன், தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வேன்.

உன் அலுவலகத்துக்கு நானே எழுதலாம். விலாசம் படிவத்தில் இருக்கிறது, எனக்கு எழுதவும் தெரியும், முத்திரை எவ்வளவு என்றும் தெரியும். செய்யமாட்டேன். உனக்குப் பின்னால் நின்று ஒன்றைச் செய்தால் அதுவும் இன்னொரு மறைப்புத்தான். நீயே எழுத வேண்டும். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தைப் பிரதி எடுத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். வெட்டிய கோட்டைப் பார். வெட்டிய ‘இல்லை’யும் அதன் கீழே தெரிகிறது, அது தெரியட்டும். அதற்குப் பின்னால் உன் படிவத்தின் வெற்றுப் பிரதி ஒன்றும் இருக்கிறது. உன் எழுத்து இருந்த இடங்களை வெள்ளை மையால் அழித்துவிட்டு, நீ எடுத்த அதே கடையில்தான் எடுத்தேன். மூன்று கேள்விக்கும் இடம் காலியாக இருக்கிறது. முதல் இரண்டுக்கும் என்ன எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும். மூன்றாவதுக்கு வந்ததும் உன் கை நிற்கும், அதை அழிக்கும்போது எனக்கும் நின்றது. இரத்த உறவில் யாருக்கேனும் கண் நோய் உண்டா என்று கேட்கிறார்கள். ஓம் என்று எழுது மனே. யார் என்று கேட்டிருக்கிற இடத்தில் என் பெயரை எழுது.

அம்மா
பெரியகல்லாறு